தேடித்தரும் சொல், காட்டிக்கொடுக்கும் சொல்

இணையத்தைப் பற்றி நம் எழுத்தாளர்களிடையே இரண்டு வகைப் பேச்சுகள் புழங்குகின்றன. மனிதர்களைத் தனித்தனியாகப் பிரித்துத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டது என்கிற புலம்பல் ஒன்று. குரலற்றவர்களுக்கெல்லாம் குரல் கொடுத்துவிட்டது என்கிற கொண்டாட்டம் மற்றொன்று. இரண்டுமே வரலாறு இல்லாத பேச்சு. எந்த ஆண்டில், யார், எந்தக் கருவியைக் கொண்டு ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள், அந்தக் கருவி யாருடைய உடைமையாக இருந்தது என்று கேட்காதவரை ‘இணையச் சமூகம்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ஃபேஸ்புக்குக்கு முன்பே தோன்றி, இன்று நம்மில் பலருக்கும் பெயர்கூடத் தெரியாமல் போய்விட்ட லைவ்ஜர்னல் என்ற நாட்குறிப்புத் தளத்தின் கதையை அந்தக் கேள்விகளோடு அணுகிப் பார்க்கலாம். ஆறுதல் தேடி வந்தவர்கள் அங்கே ஓர் ஊரையே கட்டினார்கள். நிலம் அவர்களுடையதாக இல்லை. மிச்சக் கதை முழுவதும் இந்த முரணிலிருந்து கிளைத்ததுதான்.

1. பட்டியல்

லைவ்ஜர்னலை 1999இல் தொடங்கியவர் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக். அப்போது அவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கல்லூரி மாணவர். பள்ளிக்கூடத் தோழர்களுக்குத் தன் அன்றாடச் சேதிகளைத் தெரிவிப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. தத்துவம், புரட்சி என்று எதுவும் அதன் பின்னால் இல்லை. ஆனால் கருவிகளுக்குத் தம்மைச் செய்தவனின் நோக்கம் தெரியாது. பயன்படுத்துகிறவர்கள் அவற்றைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தளத்தின் மூன்று ஏற்பாடுகளை இங்கே கவனிக்க வேண்டும். முதலாவது, ‘ஆர்வங்கள்’ என்ற பட்டியல். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிய பக்கத்தில், தான் எவற்றில் ஈடுபாடு கொண்டவர் என்று 150 சொற்கள் வரை எழுதிவைக்கலாம். அதில் எந்தச் சொல்லைத் தொட்டாலும், அதே சொல்லை எழுதிவைத்திருக்கும் மற்ற எல்லோரின் பெயர்களும் வரிசையாக வந்துவிடும். இரண்டாவது, பூட்டு. எழுதியதை ஊருக்கெல்லாம் திறந்துவைக்கலாம், தன் ‘நண்பர்’ வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம், அவர்களிலும் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் காட்டலாம். மூன்றாவது, குழு. பலர் சேர்ந்து எழுதும் ஒரு பொதுப் பக்கம், அதற்கு விதிகள், யாரைச் சேர்ப்பது யாரை வெளியேற்றுவது என்று முடிவுசெய்யும் பொறுப்பாளர்கள்.

இந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்தன? சிறுநகரம் ஒன்றில், தன் உடல் ஆணுடையதா பெண்ணுடையதா என்ற குழப்பத்தோடு வாழும் ஒருவர் அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல முடியாது. வீட்டில் சொன்னால் அடி, பள்ளியில் சொன்னால் கேலி. அந்தச் சொல்லைப் பட்டியலில் எழுதினால், அதே சொல்லைச் சுமந்துகொண்டு வேறு எங்கெங்கோ உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், மனச்சோர்வால் படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள், நாட்பட்ட நோயோடு வாழ்கிறவர்கள், கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்ட தாய்மார்கள், தொடர்கதையின் பாத்திரங்களை வைத்துத் தாமும் கதை எழுதிப் பார்த்தவர்கள் என்று எல்லோரும் இப்படிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தார்கள். உற்றார் உறவினரோ அக்கம்பக்கத்தாரோ இல்லாமல், ஒரு சொல் கூட்டிய ஊர் அது.

சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. அச்சான இதழைவிட, நோட்டில் கையால் எழுதிவைத்திருக்கும் சந்தாதாரர் முகவரிகள்தான் ஓர் இதழின் உயிர். அந்த நோட்டு வேறு கைக்குப் போனால் என்னாகும் என்பதும் இயக்கங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

2. ஆறுதல் என்னும் உழைப்பு

நான்சி ஃப்ரேசர் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஹேபர்மாஸின் பொதுக்களம் பற்றிய கருத்தாக்கத்தோடு மோதுகிறார். எல்லோரும் சமமாக வந்து விவாதிக்கும் ஒற்றைப் பொதுக்களம் என்ற ஒன்று வரலாற்றில் இருந்ததே கிடையாது, அதன் வாசலிலேயே பெண்களும் உழைக்கும் மக்களும் நிறுத்தப்பட்டார்கள் என்கிறார். அப்படி நிறுத்தப்பட்டவர்கள் தமக்கென்று அமைத்துக்கொண்ட களங்களை அடித்தள எதிர்ப் பொதுக்களங்கள் என்று அழைக்கிறார். இவற்றுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஒதுங்கி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வது, சிதறியவர்கள் மறுபடி ஒன்றுசேர்வது. மற்றொன்று, அங்கிருந்து வெளியே கிளம்பி பெரிய பொதுக்களத்தோடு சண்டை போடுவதற்குத் தயாராவது. அமெரிக்கப் பெண்ணியர்கள் தங்கள் பத்திரிகைகளிலும் புத்தகக் கடைகளிலும் கூட்டங்களிலும் உட்கார்ந்து, அதுவரை பெயரே இல்லாதிருந்த துன்பங்களுக்குப் பெயர் வைத்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். பணியிடத்தில் நிகழும் பாலியல் தொந்தரவுக்கும், பழகியவனே செய்யும் வன்புணர்ச்சிக்கும் பெயர் கிடைத்த பிறகுதான் அவை வழக்காகவும் சட்டமாகவும் மாற முடிந்தது.

லைவ்ஜர்னலில் நடந்ததும் இதுவே. ஆனால் அதை வெறும் ‘பகிர்தல்’ என்று சொல்லிவிட முடியாது. ஆறுதல் அங்கே சும்மா சுரக்கவில்லை, உழைப்பாக நடந்தது. நள்ளிரவில் ஒருவர் சாகப்போகிறேன் என்று எழுதினால் விடியும்வரை யாராவது கூட இருந்து பதில் எழுத வேண்டும். வம்புக்கு வருகிறவனை வெளியேற்ற வேண்டும். வன்முறையை விவரிக்கும் பகுதியை மடித்து உள்ளே வைத்து, ‘படிக்கிறவர் மனநிலையைப் பார்த்துக்கொண்டு திறக்கவும்’ என்று முன்னெச்சரிக்கை எழுத வேண்டும். இந்த முன்னெச்சரிக்கைப் பழக்கம் பிற்பாடு பல்கலைக்கழக வகுப்பறைகள்வரை போய்ப் பெரிய சர்ச்சையானது. அதைப் பேணி வளர்த்தவர்கள் இத்தகைய குழுக்களில் கூலியில்லாமல் வேலை பார்த்தவர்கள். பயனாளர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் உதவிப் பிரிவிலேயேகூட பெரும்பகுதி வேலையைத் தொண்டர்கள்தான் செய்தார்கள். 2001இலிருந்து 2003 டிசம்பர் வரை, உள்ளே இருப்பவர் ஒருவர் அழைத்தால்தான் இலவசக் கணக்கு கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. சர்வர்களால் சுமை தாங்க முடியாததால் வந்த கட்டுப்பாடு அது. ஆனாலும் ஊருக்குள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதுபோன்ற உறவை அது உண்டாக்கியிருக்க வேண்டும்.

கம்பெனி கொடுத்தது இடத்தையும் இயந்திரத்தையும். ஊரைக் கொடுத்தவர்கள் குடியிருந்தவர்கள். கணக்குப் புத்தகத்தில் இந்த வேறுபாட்டுக்குத் தனியாக ஒரு பத்தி கிடையாது.

3. குறுக்குக்கோடு

2005 ஜனவரியில் சிக்ஸ் அபார்ட் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ கம்பெனி லைவ்ஜர்னலை வாங்கியது. விளம்பரம் வராது என்று தொடக்க காலத்தில் கொடுக்கப்பட்டிருந்த வாக்குறுதி நிலைக்கவில்லை. 2006இல் ஒரு வகைக் கணக்குகளில் விளம்பரம் நுழைந்தது. அதே ஆண்டில், குழந்தைக்குப் பாலூட்டும் தாயின் படத்தைத் தன் முகப்படமாக வைத்திருந்தவர்களை அதை எடுக்கச் சொன்னார்கள். தாய்மார்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பாலூட்டுவது தாய்மையா ஆபாசமா என்ற விவாதம் போலத் தெரிந்தாலும், விளம்பரக்காரன் பார்க்கத் தகுந்த ஊர் எது என்பதே அதற்குள் இருந்த கேள்வி.

2007 மே மாத இறுதியில் இன்னும் பெரிய அடி விழுந்தது. வாரியர்ஸ் ஃபார் இன்னசன்ஸ் என்ற பெயரில் இயங்கிய ஒரு குழு, லைவ்ஜர்னலில் குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று புகார் கிளப்பியது. குழந்தைகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் யாருக்கு மாற்றுக்கருத்து இருக்க முடியும்? கம்பெனி எப்படிச் செயல்பட்டது என்பதுதான் விஷயம். யார் என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்க்கவில்லை. ஆர்வங்கள் பட்டியலைப் பார்த்தார்கள். வன்புணர்ச்சி, முறையற்ற உறவு என்பதுபோன்ற சொற்கள் எங்கெல்லாம் இருந்தனவோ அந்தக் கணக்குகளை முடக்கினார்கள். ஏறத்தாழ 500 நாட்குறிப்புகளும் குழுக்களும் ஒரே வீச்சில் போயின. முடக்கப்பட்டவர்களின் பெயர்மேல் குறுக்குக்கோடு விழும் என்பதால் அந்த நிகழ்ச்சிக்கே அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது.

போனவர்கள் யார்? வன்முறையிலிருந்து மீண்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருந்த குழு போயிற்று. நபக்கவ்வின் ‘லோலிதா’ நாவலை ஸ்பானிய மொழியில் விவாதித்த குழு போயிற்று. ஹாரி பாட்டர் பாத்திரங்களை வைத்துப் புனைவு எழுதியவர்கள் போனார்கள். ‘ஆர்வம்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு சொல்லை எழுதியிருந்தால், அதை விரும்புகிறாய் என்று அர்த்தமாம். தனக்கு நேர்ந்த கொடுமையின் பெயரை அதைப்போலப் பாதிக்கப்பட்ட இன்னொருத்தியைக் கண்டுபிடிப்பதற்காக எழுதிவைத்தவளும், அந்தக் கொடுமையைச் செய்ய நினைப்பவனும் பட்டியலின் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டார்கள்.

இங்கேதான் நிதானித்துப் பார்க்க வேண்டும். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம். கம்பெனியின் தலைவர் சில நாட்களிலேயே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், பல கணக்குகளைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் கவனமாக இருந்திருந்தாலும் அந்தப் பட்டியலின் தன்மை மாறியிருக்காது. குடியிருந்தவர்களுக்கு ஒரு சொல் என்பது முகவரி. விளம்பரக்காரனுக்கு அதே சொல் சந்தை. புகார் சொல்ல வருகிறவனுக்கு அதே சொல் சாட்சியம். எந்த அர்த்தத்தில் அதை வாசிப்பது என்று கடைசியாக முடிவுசெய்யும் அதிகாரம், பட்டியலைக் கையில் வைத்திருப்பவனுடையது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான உறவு கிடையாது என்று சசூரைப் பிடித்துக்கொண்டு நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த இட்டுநிரப்பப்படும் இடத்தில் சொத்துரிமை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை அவ்வளவாகப் பேசியதில்லை.

4. சொல்லும் அரசும்

அமெரிக்காவில் கம்பெனி செய்ததை ருஷ்யாவில் அரசு செய்தது. இடம் மாறினாலும் கருவி அதே லைவ்ஜர்னல்தான்.

ருஷ்ய மொழியில் அங்கே எழுத்து வேரூன்றியது 2001இல். தொடக்கிவைத்தவர்களில் முக்கியமானவர் ரொமான் லெய்போவ் என்ற இலக்கிய ஆய்வாளர். லோட்மன் பணியாற்றிய அதே தார்த்து பல்கலைக்கழக மரபில் வந்தவர். பிற நாடுகளில் பதின்வயதினரின் நாட்குறிப்பாக அறியப்பட்ட தளம், ருஷ்யாவில் எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் அரசியல் விவாதிக்கும் களமாக ஆனது. தொலைக்காட்சி அரசின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில், விரிந்த பத்திரிகையாக அது இயங்கியது. சுவையான ஒரு மொழிச் செய்தியும் உண்டு. ‘நண்பர்’ வரிசையில் சேர்க்கப்பட்டவரைக் குறிக்க ருஷ்யர்கள் தங்கள் மொழியின் ‘துரூக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ‘ஃப்ரெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சிநேகிதம் வேறு, தளத்தில் சேர்த்துக்கொள்வது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2006இல் சூப் என்ற மாஸ்கோ கம்பெனி ருஷ்ய எழுத்துப் பகுதியை நடத்தும் உரிமையைப் பெற்றது. 2007 டிசம்பரில் தளம் முழுவதையும் வாங்கிவிட்டது. ஊழல்களை அம்பலப்படுத்தி எழுதிய அலெக்சேய் நவால்னியின் புகழ் வளர்ந்தது இங்கேதான். 2011 ஏப்ரலில் தளத்தை முடக்கும் அளவுக்குத் தாக்குதல்கள் நடந்தன. 2014 மார்ச்சில் நவால்னியின் பக்கம் ருஷ்யாவுக்குள் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில், நாளொன்றுக்கு 3000 பேருக்கு மேல் வாசிக்கும் பக்கத்தை எழுதுகிறவர்கள் தம்மைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் வந்தது. 2016 இறுதியில் சர்வர்கள் ருஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. 2017 ஏப்ரலில் புதிய ஒப்பந்தம் ஒன்று திரையில் வந்து நின்றது. ருஷ்யச் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்று ஒப்புக்கொண்டால் உள்ளே போகலாம். அரசியல் பிரச்சாரம் கூடாது. ஆங்கிலத்தில் தந்திருப்பது வாசித்துப் புரிந்துகொள்ள மட்டும், சட்டப்படி செல்லுபடியாவது ருஷ்ய மொழி வாசகமே.

சிறார்களிடையே ஓரினச்சேர்க்கைப் ‘பிரச்சாரம்’ செய்வதைத் தடைசெய்யும் சட்டம் ருஷ்யாவில் 2013இலேயே வந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு வேறு கண்டத்தில், தன்னைப் போன்றவர்களைத் தேடி ஒருவர் எழுதிவைத்த அந்தரங்கச் சொல், பூட்டிய பெட்டியோடு சேர்ந்து, அந்தச் சொல்லைக் குற்றமாகக் கருதும் ஒரு தேசத்தின் எல்லைக்குள் போய்ச் சேர்ந்தாச்சு. அவரை யாரும் கேட்கவில்லை. வீடு விற்கும்போது வாடகைக்கு இருப்பவனை எவன் கேட்கிறான்?

5. சொந்தக் கூரை

அடிபட்டவர்கள் புலம்பிக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. 2008 மார்ச் 21 அன்று, விளம்பரமில்லாத இலவசக் கணக்கு நிறுத்தப்பட்டதை எதிர்த்து ஒருநாள் எழுத்து வேலைநிறுத்தம் நடத்தினார்கள். பேசுவதை நிறுத்துவதே ஆயுதமாகிறது என்றால், பேச்சு அங்கே உழைப்பாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெளியேறிக் கட்டியதுதான் முக்கியம். 2007 மே மாதத்தில், குறுக்குக்கோடு விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, புனைவு எழுதும் பெண்களில் ஒருவர் நமக்கென்று ஓர் ஆவணக்காப்பகம் வேண்டும், சர்வர் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று லைவ்ஜர்னலிலேயே எழுதினார். அந்த ஆண்டிலேயே லாபநோக்கமற்ற அமைப்பு ஒன்று உருவானது. ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் கிடையாது, நன்கொடையும் தொண்டர் உழைப்பும்தான். 2019இல் அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது.

லைவ்ஜர்னலில் வேலை பார்த்திருந்த டெனிஸ் பாவுலுச்சியும் மார்க் ஸ்மித்தும், அதன் திறந்த மூலநிரலையே எடுத்து ட்ரீம்வித் என்ற தளத்தை 2009 ஏப்ரலில் திறந்தார்கள். இங்கும் விளம்பரம் கிடையாது, பயனாளர்கள் கட்டும் பணத்தில் நடக்கிறது. அவர்கள் செய்த மாற்றங்களில் ஒன்று சின்னதாகத் தெரியும், ஆனால் ஆழமானது. ‘நண்பர்’ என்ற ஒற்றைச் சொல்லை உடைத்து இரண்டாக்கினார்கள். ஒருவர் எழுதுவதை நான் வாசிக்க விரும்புவது ஒன்று, என் பூட்டிய பக்கத்தை அவருக்குத் திறந்துவிடுவது வேறு. ஆர்வத்தையும் நம்பிக்கையையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டிருந்ததை அவிழ்த்தார்கள். ருஷ்யர்கள் மொழியில் செய்துகொண்டதை இவர்கள் நிரலில் செய்தார்கள் என்று சொல்லலாம். பழைய தளத்திலிருந்து வருகிறவர்கள் தம் எழுத்தை மட்டுமல்லாது அதற்கு வந்த பதில்களையும் சேர்த்துக் கொண்டுவரவும் வசதி செய்தார்கள். அதுவும் சரியான புரிதல். ஆறுதல் இருந்தது அந்தப் பதில்களில்தானே.

இந்த இரண்டு இடங்களிலும் நிரல் எழுதியவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ட்ரீம்வித்தில் நூற்றுக்கு 75 அளவில் பெண்கள், ஆவணக்காப்பகத்தில் எல்லோருமே பெண்கள் என்று 2009இல் நடந்த மென்பொருள் மாநாடு ஒன்றில் கிர்ரிலி ராபர்ட் எடுத்துச் சொன்னார். அவர்களில் பலர் அதற்கு முன்பு நிரல் எழுதியதே இல்லை. உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

6. உள்ளே இருக்கும் சுவர்கள்

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதையாக இருக்கும், வரலாறாக இருக்காது. இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

உணவை மறுத்து உடம்பை வற்றவைப்பதைப் பாராட்டி ஒருவருக்கொருவர் ஊக்கம் தந்துகொண்ட குழுக்களும் அதே லைவ்ஜர்னலில் இருந்தன. அங்கேயும் பூட்டு, விதி, பொறுப்பாளர், நள்ளிரவுப் பதில் எல்லாம் உண்டு. ஆதரவு என்ற வடிவம் தன்னளவில் நன்மை பயப்பது அல்ல. எதற்கு ஆதரவு என்ற கேள்வி எப்போதும் மிச்சம் இருக்கிறது. அதை உள்ளே இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளாவிட்டால் வெளியே இருப்பவன் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பான்.

இரண்டாவது, நிறம். 2009 தொடக்கத்தில், அறிவியல் புனைவு வட்டாரத்தில் மற்ற இனத்தவரை வெள்ளையர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி இந்த நாட்குறிப்புகளில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. இந்தியாவில் வளர்ந்த ஒருவர், ஆங்கிலப் புத்தகங்கள் வழியாகவே கற்பனை உருவான ஒரு வாசகருக்குச் சொந்த மண்ணின் புனைவு எப்படி அந்நியமாகிப் போகிறது என்று புனைபெயரில் எழுதியது, அந்த விவாதத்தின் முக்கியமான கட்டுரைகளில் ஒன்று. அவ்வளவு இணக்கமாகத் தோன்றிய ஊரில், நிறத்தவர்கள் பேசத் தொடங்கியதும் ‘ஏன் இவ்வளவு கோபம்’ என்று கேட்டார்கள். விவாதத்தின் போக்கில், புனைபெயரில் எழுதிவந்த வாசகர் ஒருவரின் உண்மைப் பெயரை எதிர்த்தரப்பினர் பகிரங்கப்படுத்தினார்கள். காட்டிக்கொடுப்பதற்குக் கம்பெனியும் அரசும்தான் வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரனே போதும்.

அதே ஆண்டு மே மாதம், முந்தைய காலத்தில் நிறத்தவர்கள் இந்த வகை எழுத்தை அவ்வளவாக வாசித்ததில்லை என்ற தொனியில் ஒரு பேச்சு எழுந்தது. ‘அப்படியென்றால் நாங்கள் யார், யாரும் கண்ணால் பார்த்திராத யூனிகார்ன்களா?’ என்கிற கேலியோடு லைவ்ஜர்னலில் ஒருவர் பக்கம் திறந்தார். ‘காட்டு யூனிகார்ன் மந்தை’ என்று அதற்குப் பெயர். கறுப்பர்களும் ஆசியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் வந்து, நான் இருக்கிறேன், இத்தனை வருடமாக வாசிக்கிறேன் என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். இதுவும் ஒரு பட்டியல்தான். ஆனால் தாங்களே எழுதி, தாங்களே தலைப்புக் கொடுத்து, எதற்காக எழுதுகிறோம் என்று தாங்களே முடிவுசெய்த பட்டியல். பட்டியலையே ஒழித்துவிட முடியாது. அது இல்லாமல் ஆள் சேராது. அதன் பேனா யார் கையில் என்பதுதான் சண்டை.

சொந்தக் கூரையும் இந்தச் சண்டையிலிருந்து விடுதலை தந்துவிடவில்லை. பயனாளர்களின் வயதைச் சரிபார்க்கக் கட்டாயப்படுத்தும் மிசிசிப்பி மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட மறுத்த ட்ரீம்வித், 2025 செப்டம்பரில் அந்த மாநிலத்தவரையே தளத்துக்குள் விடாமல் நிறுத்த வேண்டியதாயிற்று. வயதை நிரூபிக்கப் பெயரும் அடையாள ஆவணமும் கேட்டு வாங்கிவைத்தால், அது மறுபடியும் ஒரு பட்டியல். குழந்தைகளைப் பாதுகாக்கத்தான் என்கிறார்கள். 2007இலும் அதைத்தான் சொன்னார்கள். கேட்கும் பட்டியலைக் கொடுக்காமலிருக்க, தன் சொந்த ஜனங்களில் ஒரு பகுதியை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டிய நிலைக்கு ஒரு நல்ல வீடு தள்ளப்பட்டது.

இன்று நம்முடைய கூட்டங்களும் வாட்ஸப் குழுக்களில்தான் நடக்கின்றன. சாதிமறுப்புத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு இடம் தேடுவது, வேலையிடத்துத் தொந்தரவைச் சொல்ல வரும் பெண்ணுக்கு வக்கீல் பிடிப்பது, போராட்டத்துக்கு ஆள் திரட்டுவது என எல்லாவற்றுக்கும் ஒரு குழு, அதற்கு ஒரு பெயர், உள்ளே ஐம்பது நூறு போன் நம்பர்கள். அது வசதியா ஆபத்தா என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் பயனில்லை. அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது, யார் அதை வாசிக்கலாம், யார் விற்கலாம், விற்கும்போது நம்மைக் கேட்பார்களா என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது கேட்டாக வேண்டும். கேட்கிறவரைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்யாமலிருக்க மற்றவர்கள் பழக வேண்டும்.